புகைப்படத்தின் மூலமும் படியும்

பங்குனித் திங்களில் மயிலாப்பூரில் நிகழும் அறுபத்துமூவர் விழாவைக் காணச் செல்லும் மக்கட் கூட்டத்தில், காமிரா ஏந்திய இளைஞர் பலரை இக்காலத்தே காண்கின்றோம். அவருள் ஒருவர் பிற்பகல் முழுதும் மாடவீதிகளில் நின்று ஐந்நூறு படங்களைச் சேர்த்துக்கொண்டு இரவில் வீடு திரும்புகின்றார் என வைத்துக்கொள்வோம். அவற்றை நண்பர்க்கு அனுப்ப முயல்கின்றார். ஒரு படம் போய்ச் சேர்வதற்கே நெடுநேரம் ஆகின்றது. சேர்ந்தபின்னரோ, "நீர் அனுப்பியது என் கைப்பேசியில் திறக்கவில்லையே" என்று விடை வருகின்றது. சலிப்புற்ற அவ்விளைஞர், கையிற் கிடைத்த மென்பொருள் ஒன்றைக் கொண்டு எல்லாப் படங்களையும் சிறியனவாக்கி அனுப்பிவிட்டு, கணினியில் இடம் போதாமை கருதி முதற்கோப்புகளை அழித்தும் விடுகின்றார். திங்கள் சில கழிந்தபின், அவற்றுள் ஒன்றைப் பெரிதாக அச்சிட எண்ணும்போதுதான் தாம் இழந்தது இன்னதென்று உணர்கின்றார்.

இவ்விழப்பு அறியாமையால் நேர்வது, ஆதலின் தவிர்க்கத்தக்கது. காமிரா முதலிற் பதியும் மூலக்கோப்பு யாது, அதனை யாவரும் திறக்கத்தக்க சிறிய கோப்பாக மாற்றும்போது நிகழ்வன யாவை, அம்மாற்றத்தில் நீங்குவது எது, நிற்பது எது என்பவற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

காமிராவினுள்ளே ஒளியை ஏற்கும் சில்லு ஒன்று உளது. அதன் பரப்புக் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகளாகப் பகுக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு குழியும் தன்மீது விழும் ஒளி எவ்வளவு என்பதை அளக்குமேயன்றி, அதன் நிறம் இன்னதென்று அறியாது. ஆகவே குழிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்களையுடைய நுண்ணிய வடிகண்ணாடிகளைப் பரப்புகின்றனர். நான்கு குழிகளை ஒரு தொகுதியாகக் கொண்டால், இரண்டின்மேல் பச்சையும், ஒன்றின்மேல் சிவப்பும், ஒன்றின்மேல் நீலமும் அமையும். மனிதர் கண் பச்சையை ஒட்டிய ஒளியிலேயே நுட்பங்களை மிகுதியாகக் காண்பது இதற்குக் காரணம். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பார் 1976-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பே இன்றளவும் பெரும்பாலான காமிராக்களிற் காணப்படுகின்றது.

குழிகள் அளந்த எண்களை ஏறக்குறைய அவ்வாறே வரிசையாக எழுதிவைப்பது மூலக்கோப்பு. ஆங்கிலத்தில் இதனை 'ரா' என்பர். சமைக்கப்படாதது என்பது அச்சொல்லின் பொருள். பெயர் மிகப் பொருத்தமானதே. அரிசியைக் கொண்டு சோறும் சமைக்கலாம், பொங்கலும் ஆக்கலாம். சமைத்த சோற்றை மீண்டும் அரிசியாக்குதல் எவர்க்கும் இயலாது. அரிசி நெடுநாள் இருக்கும். ஆயினும் விருந்தினர் இலையில் அரிசியை இடுவார் இலர். இவ்வுவமையை நினைவிற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மூலக்கோப்பைப் பிறர் கைப்பேசி திறக்க மறுத்தற்குக் காரணம், அஃது இன்னும் படம் ஆகாமையே. மேலும், எண்களை எழுதிவைக்கும் முறையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டுள்ளது. நிக்கான் காமிராவின் கோப்பு என்.இ.எஃப். என்றும், கேனானுடையது சி.ஆர்.2, சி.ஆர்.3 என்றும், சோனியுடையது ஏ.ஆர்.டபிள்யூ. என்றும் முடியும். இவ்வேற்றுமையை நீக்கும் பொருட்டு அடோபி நிறுவனம் 2004-ல் டி.என்.ஜி. என்னும் பொதுவடிவம் ஒன்றை வெளியிட்டது. அதனைச் சிலர் ஏற்றனர், பலர் ஏற்கவில்லை.

இனி மூலக்கோப்பு படமாகும் வகையைக் கூறுவாம். முதலாவது செயல், நிறம் நிரப்புதல். ஒரு குழி பச்சையை மட்டுமே அளந்துளது எனின், அவ்விடத்துச் சிவப்பும் நீலமும் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை அண்டைக் குழிகளைக் கொண்டு கணித்து நிரப்புகின்றனர். இரண்டாவது, வெண்மையைச் சமன் செய்தல். கபாலீசுவரர் வெள்ளி ரிஷப வாகனத்தில் இரவில் வீதிவலம் வருங்கால், மஞ்சள் விளக்கொளியில் வெள்ளியும் பொன்போலத் தோன்றும். நம் கண்ணும் கருத்தும், "இது வெள்ளி" என்று தாமே திருத்திக்கொள்ளும். காமிராவிற்கு அத்தெளிவு இல்லை. எது வெண்மை என்பதை நாம் காட்டினால், அதற்கேற்ப மூன்று நிறங்களின் அளவும் பெருக்கப்பட்டு வெள்ளி வெள்ளியாகும். மூன்றாவது, ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கண்ணுக்கு இசைய வகுத்தல். சாந்தோம் பேராலயத்தினுள் நின்று வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைப் படமெடுத்தால், சாளரம் மிக்க ஒளியுடனும், அதனைச் சூழ்ந்த சுவரும் தூணும் இருளிலும் இருக்கும். இவ்விரண்டையும் ஒரே படத்திற் காணுமாறு இருளைச் சிறிது உயர்த்தி ஒளியைச் சிறிது தாழ்த்துதல் வேண்டும்.

இம்மூன்றாஞ் செயலிலேதான் மூலக்கோப்பின் சிறப்பு வெளிப்படும். அதன் ஒவ்வோர் எண்ணும் காமிராவின் தரத்திற்கேற்ப 12 அல்லது 14 பிட் அளவினது. 12 பிட் எனின் இருளுக்கும் ஒளிக்கும் இடையே 4,096 படிநிலைகள். 14 பிட் எனின் 16,384 படிநிலைகள். நாம் பிறர்க்கு வழங்கும் ஜேபெக் கோப்பிலோ ஒரு நிறத்திற்கு 8 பிட், அஃதாவது 256 படிநிலைகளே உள. சாளரத்தின் அருகிலுள்ள இருண்ட தூணின் வேலைப்பாட்டை மூலக்கோப்பிலிருந்து உயர்த்திக் காட்டலாம். ஜேபெக் கோப்பிலிருந்து உயர்த்த முயன்றால் பட்டை பட்டையான கறையே மிஞ்சும்.

அங்ஙனமாயின் மூலக்கோப்பையே வைத்துக்கொண்டால் என்னை? எனின், அளவுதான் தடை. 2 கோடியே 40 இலட்சம் குழிகளையுடைய காமிரா ஒன்றைக் கொள்வோம். குழிக்கு 14 பிட் வீதம் சுருக்காது எழுதினால், ஒரு படத்திற்கு 42 மெகாபைட் ஆகும். ஐந்நூறு படங்களுக்கு 21,000 மெகாபைட். நிறம் நிரப்பிப் புள்ளிக்கு மூன்று எண்களாக எழுதினாலோ, ஒரு படமே 72 மெகாபைட்டாகப் பெருகும். இதனைச் சுருக்காது அனுப்புதல் அரிது. ஜேபெக் முறையோ, கண் எளிதில் வேறுபாடு காணாதவாறு இதனை எட்டு அல்லது பத்து மெகாபைட்டிற்குள் அடக்கிவிடும். அது செய்யும் விந்தை யாது?

முதலில் அது படத்தின் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே பிரிக்கின்றது. நம் கண் ஒளியின் வேறுபாட்டை நுணுகிக் காணும். நிறத்தின் வேறுபாட்டை அத்துணை நுணுகிக் காணாது. ஆகவே ஒளியை முழுதும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒருமுறை மட்டும் குறித்துக்கொள்ளும். இதனாலேயே எண்களின் தொகை பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

அடுத்து, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளையுடைய சிறு கட்டங்களாகப் பகுக்கின்றது. நம் வீட்டு மகளிர் ஒரு கோலத்தைப் பிறர்க்கு உரைக்குங்கால், ஒவ்வோர் இழையும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று விவரிப்பதில்லை. "எட்டுப் புள்ளி, எட்டு வரிசை" என்று தொடங்கிக் கோலத்தின் பெயரைச் சொன்ன அளவில், கேட்பவர் அதனைத் தம் வாயிலில் இட்டுவிடுகின்றார். வடிவம் இருவர்க்கும் முன்பே தெரிந்திருப்பதே இதற்குக் காரணம். ஜேபெக் முறையிலும், அனுப்புவோனுக்கும் பெறுவோனுக்கும் பொதுவாக அறுபத்துநான்கு வடிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. முதலாவது, வேறுபாடின்றி ஒரே சீராயிருப்பது. ஏனையவை குறுக்கிலும் நெடுக்கிலும் ஏறி இறங்கும் அலைகள்; சில அகன்றவை, சில மிக நெருங்கியவை. கட்டத்திலுள்ள அறுபத்துநான்கு புள்ளிகளைச் சொல்வதற்கு மாறாக, "இவ்வடிவம் இத்துணை, அவ்வடிவம் இத்துணை" என்று சொன்னால் அக்கட்டம் மீண்டும் அமைந்துவிடும்.

இதுவரையில் இழப்பு மிகுதியில்லை. இனிமேல்தான் துறவு தொடங்குகின்றது. வானமும் சுவரும் முகமும் போன்றவற்றில் அகன்ற அலைகளே மிகுதி. நெருங்கிய அலைகள் மிகச் சிறிதளவே இருக்கும். அவ்வெண்களை ஓர் அட்டவணையிலுள்ள எண்களால் வகுத்து, வரும் ஈவை முழுவெண்ணாக்குகின்றனர். சிறியன யாவும் சுழியாகி மறைகின்றன. அட்டவணையின் எண்கள் பெரியனவாயின் மறைவன மிகுதி, கோப்பும் சிறிது. படத்தைச் சேமிக்கும்போது மென்பொருள் "தரம் எவ்வளவு?" என்று நம்மை வினவுகின்றதே, அஃது இவ்வட்டவணையைப் பற்றிய வினாவேயாகும். பின்னர், மிகுதியாக வருவனவற்றிற்குக் குறுகிய குறியும், அரிதாக வருவனவற்றிற்கு நீண்ட குறியும் இட்டு எழுதுகின்றனர். ஆங்கிலத் தந்திமுறையில் அடிக்கடி வரும் 'ஈ' என்னும் எழுத்துக்கு ஒற்றைப் புள்ளியே குறியாக இருந்தமையை ஈண்டு நினைவு கூரலாம். இக்குறியீட்டு முறையை டேவிட் ஹஃப்மன் என்பார் 1952-ல் வெளியிட்டார்.

அறுபத்துநான்கு அலைகளாகப் பகுக்கும் கணிதத்திற்கு ஆங்கிலத்தில் 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்று பெயர். இதன் வரலாற்றை நம் நாட்டு மாணவர் அறிதல் கடன். பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராயிருந்த நசீர் அகமது என்பார் 1972-ல் இக்கருத்தை ஆராய விழைந்து, அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பொருளுதவி வேண்டினார். கருத்து மிக எளியது என்று கூறி உதவி மறுக்கப்பட்டது. அவர் மனந்தளராது தம் மாணவர் டி. நடராஜனுடன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கே. ஆர். ராவும் அவரோடு சேர, மூவர் பெயராலும் 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. அம்மூவருள் ராவ், அடையாற்றிற்கு அண்மையிலுள்ள நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று 1952-ல் பட்டம் பெற்றவர். பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்து 2021-ல் காலமானவர். எளியது எனத் தள்ளப்பட்ட அக்கணிதம், இன்று உலகின் கைப்பேசிகளில் நாள்தோறும் கோடி கோடியாகப் பரிமாறப்படும் படங்களுக்குள்ளே இயங்கிக்கொண்டிருக்கின்றது.

ஜேபெக் என்பது 1986-ல் அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவொன்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அக்குழு வகுத்த விதி 1992-ல் உலகப் பொதுவிதியாயிற்று. அதற்கு முன்னரே, 1991 முதல், தன்னார்வலர் குழுவொன்று அதற்குரிய நிரலை விலையின்றி யாவர்க்கும் வழங்கியது. நல்ல கணிதமும் தடையில்லாத வழங்கலும் கூடினமையால், ஜேபெக் கோப்பைத் திறவாத கருவி இல்லை என்னும் நிலை உண்டாயிற்று. பின்னாளில் தோன்றிய வெப்பி, ஹெய்க் முதலிய வடிவங்கள் இன்னுஞ் சிறிதாகச் சுருக்கவல்லன. ஆயினும், யாவர்க்கும் எவ்விடத்தும் திறக்கும் என்னும் உறுதி ஜேபெக்குக்கே மிகுதி.

நிற்க. சுழியாகிய எண்கள் மீண்டு வாரா. ஒரு ஜேபெக் கோப்பைத் திறந்து, சிறிது மாற்றி, மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால், இழந்ததன்மேல் மேலும் இழப்பு நேர்கின்றது. அன்றியும், இவ்விழப்பு எல்லாப் படங்களிலும் ஒரு தன்மையதன்று. முகிலில் அது தோன்றாது, எழுத்தில் தோன்றும். எழுத்தின் விளிம்பு கருமையிலிருந்து வெண்மைக்குத் திடீரென மாறுவது. அம்மாற்றத்தைக் காட்ட நெருங்கிய அலைகளே தேவை. அவற்றையே இம்முறை முதலில் துறக்கின்றது. எனவே, மிகுதியாகச் சுருக்கிய படத்தில் எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தாற்போல மாசு படர்ந்திருக்கக் காணலாம்.

விழாப் படத்தில் இஃது ஒரு சிறு குறையே. ஓலைச்சுவடியின் படத்திலோ இது பொருளையே மாற்றிவிடக்கூடும். 1886-ல் கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகத்திலும், 1943-ல் நிறுவப்பெற்று இப்போது பெசன்ட் நகரில் விளங்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூலகத்திலும் சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது; எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது; காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பூசிய மை மறைந்தபின், எழுத்து வெறுங் கீறலாய் நிற்கும். அக்கீறலைச் சுருக்கத்தின் மாசு மறைக்குமாயின், படிப்பவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வர். மூலக்கோப்பு இருக்குமாயின், இருளை உயர்த்தியும் நிறங்களைத் தனித்தனியே பிரித்தும் அக்கீறலைக் காண முயலலாம்.

ஐயரவர்கள் ஒரே நூலின் பல படிகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கிப் பாடம் துணிந்த அருமையை நாம் அறிவோம். படி எடுக்குந்தோறும் பிழை புகுந்தமையாலன்றோ அத்துணை உழைப்பு வேண்டியதாயிற்று! பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டபின், பழையதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. படி வந்துவிட்டது, இனி மூலம் எதற்கு என்பதே அன்று எழுந்த எண்ணம். ஜேபெக் ஆக்கியபின் மூலக்கோப்பை அழிக்கும் நம் இளைஞர் செய்வதும் அதுவே. நம் முன்னோரைக் குறைகூறும் நாம், ஒரு விசையை அழுத்தி நாள்தோறும் அவ்வாற்றில் ஏடுகளை விட்டுக்கொண்டிருக்கின்றோம்.

இதனாற் படி எடுத்தலையே யாம் பழித்தோமல்லேம். பூட்டிய பெட்டியிலுள்ள மூலத்தால் தொலைவிலுள்ள மாணவன் அடையும் பயன் யாது? கோட்டூர்புரத்திலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தின் வாயிலாக நூல்களையும் சுவடிகளையும் உலகெங்கும் உள்ளார் காணுமாறு செய்துள்ளது. சிறிய கோப்புகள் இன்றேல் அத்தொண்டு கைகூடாது. காத்தற்கு மூலம், பரப்புதற்குப் படி. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது என்பதே யாம் வற்புறுத்துவது.

இனி, நடைமுறையிற் கொள்ளத்தக்க சிலவற்றைச் சுருங்கச் சொல்லி முடிப்போம். மூலக்கோப்பைத் திறந்து செம்மை செய்தற்கு, டார்க்டேபிள், ராதெரபி என்னும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றிற் செய்யும் திருத்தங்கள் மூலக்கோப்பை மாற்றுவதில்லை. திருத்தக் குறிப்புகள் வேறாக எழுதப்படுகின்றன. செம்மை செய்தபின் ஜேபெக்காக வெளியிடுங்கால், தரம் 85 முதல் 92 வரை வைத்தல் பெரும்பாலும் போதியது. நிறவெளி எஸ்.ஆர்.ஜி.பி. ஆக இருத்தல் வேண்டும். பிற நிறவெளியில் அனுப்பினால், சில கருவிகளில் நிறம் மங்கித் தோன்றும்.

படத்தின் அளவைப் பயன் நோக்கித் துணிதல் வேண்டும். கைப்பேசியிற் பார்ப்பதற்கு நீளம் 2,048 புள்ளிகள் ஆக்கினால் மிகையாகாது. அச்சுக்கோ, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது நல்ல கணக்கு. அக்கணக்கின்படி 2,048 புள்ளிகள் ஏழு அங்குல நீளத்திற்கும் போதா; 6,000 புள்ளி நீளமுள்ள முதற்படமோ இருபது அங்குலத்திற்கு நிற்கும். சுவடி, கல்வெட்டு, பழைய செய்தித்தாள் ஆகியவற்றின் படங்களைக் காத்தற்பொருட்டு மாற்றுவதாயின், இழப்பில்லாத டிஃப் வடிவில் மாற்றுக. கைப்பேசியில் எடுத்த படங்களிற் சிலவற்றுள், எடுத்த இடத்தின் குறிப்பும் எழுதப்பட்டிருக்கும். வீட்டிலுள்ளார் படங்களைப் பலர் காண வெளியிடுமுன் அதனை நீக்குதல் நன்று.

இறுதியாக, மூலக்கோப்பை ஒரே இடத்தில் வைத்திருத்தல் காவலாகாது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்களில் வீடுகளுள் நீர் புகுந்தமையை இந்நகரத்தார் மறந்திரார். ஒரு படியை வீட்டிலும், மற்றொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் இல்லத்திலோ இணையச் சேமிப்பிலோ வைத்தல் அறிவுடைமை. ஐந்நூறு படங்களையும் காக்க இடமில்லையெனின், அவற்றுள் ஐம்பதைத் தேர்ந்து அவற்றின் மூலத்தைக் காக்கலாம். தேர்வு நம்முடையதாதல் வேண்டும், மறதியினுடையதாதல் ஆகாது.

மாணவ நண்பர்களே! நும் பாட்டியாரின் முகமும், நும் தெருவின் பழைய வீடும், ஊர்க் கோயிலின் சிதைந்த கல்வெட்டும் இன்று நும் காமிராவில் உள்ளன. அவற்றின் படிகளைக் கேட்டவர்க்கெல்லாம் வழங்குக. ஆனால் வழங்கிய கையோடு மூலத்தை அழித்துவிடற்க. நாளை அவற்றைத் தேடி வருவோர் எதனைக் காண விரும்புவர் என்பதை நாம் இன்று அறியோம்.